வேலாண்டியோடு மலைக்கு

சார்வரி வருஷம், மாசி 7, திங்கள்

பனி. வெகு நேரம் வரை கோபுரம் தெரியவில்லை. மூக்கடைப்பு. சுக்குக் கஷாயம்.

இந்த நோட்டு வைத்த இடத்தில் இல்லை. பெட்டிக்குள் இடது மூலையில் வைத்தது, நடுவில் கிடந்தது. செண்பகத்தைக் கேட்டேன்.

"எனக்கு எழுத்தே தெரியாது. உங்க நோட்ட எடுத்து நான் என்ன செய்யப் போறேன்?"

என் பெண்டாட்டி பொய் சொல்லுகிறவள் அல்ல. ஆனாலும் பெட்டிக்கு இன்றிலிருந்து பூட்டு.

பகலில் வக்கீல் எசமான் கூப்பிட்டார். அவருடைய மதுரைச் சிநேகிதர் ஒருவர் வருகிறாராம். சாத்தூர் வரை ரயில், அப்புறம் வண்டி. மலை பார்க்க வேண்டும், மிருகங்களைப் பார்க்க வேண்டும், சுட வேண்டாம், பார்த்தால் போதும் என்கிறாராம். என்ன ஆசையோ.

"சிதம்பரம், நீரும் கூடப் போயிட்டு வாரும். அவரு பட்டணத்து மனுஷன். வழி காட்ட ராசபாளையத்துல ஒருத்தன் இருக்கானாம். வேலாண்டின்னு பேரு."

வேலாண்டி.

எசமானுக்கு அந்தப் பேர் யாருடையது என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை. அல்லது தெரிந்தே சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் என் தம்பி குமாரசாமியை மலைக்குக் கூட்டிப்போனவன் இந்த வேலாண்டிதான். போனது இரண்டு பேர், திரும்பியது ஒருவன். "ஆத்துப் பக்கம் போனாவ, திரும்பி வரல, செருப்பும் துண்டும் பாறையில கெடந்துச்சு." போலீசில் அவன் சொன்னது இவ்வளவே. ஆற்றில் வெள்ளம். எட்டு நாள் தேடினோம். உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்தோம்.

குமாருவின் காதில் சிவப்புக்கல் கடுக்கன் உண்டு. நாலு மாதமாக என் மனசில் அந்தக் கடுக்கன்தான். அதற்காகவே ஆற்றில் தள்ளினானோ?

"போய் வருகிறேன்" என்றேன் எசமானிடம்.


மாசி 9, புதன்

பனி குறைவு. மூக்கு தேவலை.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: கம்பளி. பழைய சட்டை. ஓமம், கற்பூரம். புளியோதரைக்குச் சொல்லியாயிற்று. பேனாக்கத்தி. (சின்னது. ஆனால் இன்று தீட்டினேன்.)

செண்பகம் நான் தீட்டுவதைப் பார்த்துவிட்டாள். "மிருகம் பாக்கப் போறீயளா, சண்டைக்குப் போறீயளா?" கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்தேன்.

பா. கதவுக்குப் பின்னால் நின்று செண்பகத்திடம் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். "பத்திரமா போயிட்டு வரச் சொல்லுங்கக்கா. அந்த ஆளுகிட்ட சண்ட போட வேண்டாம்னு சொல்லுங்க."

பா. என்றால் பார்வதி. குமாருவின் பெண்டாட்டி. வத்திராயிருப்பில் பிறந்தவள். இருபத்திரண்டு வயது. நான் மூத்தவன் என்பதால் என் முன்னால் வந்து நின்றது கிடையாது, நேரே பேசியதும் கிடையாது. வெள்ளைச் சேலை கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சோறு. அழுது நான் பார்க்கவில்லை. ஏன் அழவில்லை? பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஆளுடன் சண்டை வேண்டாம் என்பானேன்? அவனுக்காக ஏன் பரிந்து பேச வேண்டும்?

கருமாதி அன்று அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதையும் எழுதி வைக்கிறேன். சடங்கு நடக்கிறது, வீடு நிறைய ஆட்கள். வாசலில் வந்து நின்றுகொண்டு, "ஒரு சமாசாரம் இருக்குய்யா. அம்மாகிட்டதான் சொல்லணும்" என்றான். தாலி இறக்குகிற நாளில், தம்பியை விழுங்கியவன், தம்பி பெண்டாட்டியிடம் தனியாகப் பேச வேண்டுமாம்! நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். படியில் விழுந்தான். எழுந்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிருதேன்யா" என்று மறுபடி கத்தினான். போலீசைக் கூப்பிடுவேன் என்றதும் போய்விட்டான்.

குற்றம் இல்லாதவன் போலீஸ் என்றதும் ஏன் போக வேண்டும்?

பத்திரம் காணாமல்போன விஷயத்தை இங்கே எழுதமாட்டேன்.


மாசி 10, வியாழன். இராஜபாளையம்

வெயில். வண்டியில் இடுப்பு ஒடிந்துவிட்டது.

மதுரைக்காரர் தொப்பி வைத்திருக்கிறார். பேர் வேண்டாம், தொப்பிக்காரர் என்றே எழுதுகிறேன். ஐம்பது வயது. கழுத்தில் பித்தளைத் தூரக்கண்ணாடி, தோல் உறைக்குள். வழியெல்லாம் பேச்சு.

"வரையாடு பாத்திருக்கீங்களா சிதம்பரம்? செங்குத்துப் பாறையில ஓடுமாமே?"

"இல்லை."

"யானை?"

"கோயிலில்."

சிரித்தார். நல்ல மனுஷர்போலத்தான் தெரிகிறது. மிருகத்தைச் சுடாமல், சும்மா பார்க்க மட்டும் மதுரையிலிருந்து ஒருவர் வருவாரா என்பதுதான் புரியவில்லை.

தங்கல் எசமானுக்குத் தெரிந்த ஒரு ராஜு வீட்டில். "ரண்டி, ரண்டி" என்று வாசலுக்கே வந்து தெலுங்கில் அழைத்தார். வெள்ளை நாய் ஒன்று, மூக்கு ரோஜா நிறம். என்னை மட்டும் முகர்ந்து பார்த்து உறுமியது. தொப்பிக்காரர் கையை நக்குகிறது.

சாயங்காலம் வேலாண்டி வந்தான். தொப்பிக்காரரைக் கும்பிட்டான். என்னையும் கும்பிட்டான். முன்பின் பாராதவனைக் கும்பிடுகிறமாதிரி.

நான் தள்ளி, படியில் விழுந்தவன். போலீஸ் விசாரணையில் எதிரும் புதிருமாக நின்றவன். என்னை அடையாளம் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே தெரியாததுபோல நடிக்கிறான். நடிக்கிறவனுக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது.

ஆள்: கறுப்பு, மெலிவு, தலையில் முக்கால்வாசி நரை. காது மூளி, கடுக்கன் இல்லை. விற்றிருப்பான்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. போயிட்டு இருட்டுறதுக்குள்ள எறங்கிரணும். மேல பேசக்கூடாது, சுருட்டு புடிக்கக்கூடாது. நான் நில்லுன்னா நிக்கணும்" என்றான் தொப்பிக்காரரிடம். என்னைப் பார்க்கவே இல்லை.

நாளைக்கு அவனிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பாறை? எத்தனை மணிக்கு? கூட வேறு யார்? செருப்பு ஜோடி சேர்ந்து கிடந்ததா, தனித்தனியாகவா?


மாசி 12, சனி. காலை. இராஜபாளையம்

கால் வீக்கம். முழங்கையில் சிராய்ப்பு. சட்டையில் இரத்தக் கறை, ராஜு வீட்டம்மாள் சீயக்காய் போட்டும் போகவில்லை.

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

கிழக்கு வெளுக்கும்போது வண்டி. அடிவாரத்தில் இறங்கி நடை. தொப்பிக்காரர், நான், வேலாண்டி, சாப்பாட்டுக் கூடையோடு வேலாண்டியின் மச்சினன். அவன் பக்கம் இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டேன்.

மாந்தோப்பு தாண்டியதும் பெரிய அணில். பூனை அளவு, சாம்பல் நிறம், உடம்பைவிட வால் நீளம். மரத்துக்கு மரம் பாய்ந்தது, கிளை ஆடி அடங்கவில்லை, அதற்குள் அடுத்த மரம். தொப்பிக்காரர் கை தட்டிவிட்டார். வேலாண்டி திரும்பிப் பார்த்தான். கை நின்றுவிட்டது.

அப்புறம் கரடி நகம் கீறிய மரம். அதைக் கத்தியால் நானே கீறிக் காட்டுவேன். அப்புறம் யானைப் பிண்டம். வேலாண்டி புறங்கையை வைத்துப் பார்த்து, "சூடு ஆறல" என்றான். அதுமுதல் அவன் நடையே மாறிவிட்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மோந்து பார்த்தான்.

ஓரிடத்தில் பாதை பிரிந்தது. வேலாண்டி வலது பக்கம் ஏறினான். இடது பக்கம் தண்ணீர்ச் சத்தம்.

நான் வாய் திறந்தது அப்போதுதான். "ஆத்துக்கு இடதுதானே?"

"இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்யா."

"ஏன்?"

"வேண்டாம்யா."

வேறு காரணம் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பாறை அங்கேதான் இருக்கிறது. அதை என் கண்ணுக்குக் காட்ட இவனுக்குப் பயம். சற்றுத் தூரம் போனதும் தொப்பிக்காரர் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்க்க உட்கார்ந்தார். அவர் காலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நழுவினேன். மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து விரித்துக்கொண்டேன்.

ஆறு மெலிந்து ஓடியது. இதிலா ஒருவன் அடித்துப்போனான் என்றிருந்தது. ஐப்பசி வெள்ளம் வேறு, தெரியும். இருந்தாலும் அப்படித் தோன்றியது. பாறைகள் எத்தனையோ. எதில் செருப்பு கிடந்தது? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் துணி கிழிகிறமாதிரி ஒரு சத்தம். நின்றேன். மறுபடி அதே சத்தம். எதிரே நான் பாறை என்று நினைத்திருந்தது காதை ஆட்டியது.

அதன் வயிற்றுக்கடியில் குட்டி. பின்னால் இன்னும் இரண்டு. மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தன. பெரியது தின்பதை நிறுத்திவிட்டுத் தும்பிக்கையை என் பக்கம் தூக்கியது.

அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது. இன்னொரு கை இடுப்பைச் சுற்றியது. புகையிலை வாடை. பின்னால் இழுக்கிறான். இப்படித்தான் குமாருவையும் இழுத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். யானையை மறந்துவிட்டேன். கத்தியால் அவன் மணிக்கட்டில் கிழித்தேன். கிழிபட்டதும் கை இன்னும் இறுகியது. விடவில்லை. சத்தமும் போடவில்லை. புதருக்குப் பின்னால் என்னைக் கிடத்தி மேலே கவிழ்ந்துகொண்டான். அவன் இரத்தம் என் சட்டையில் இறங்குகிறது, சூடாக.

யானை இரண்டடி முன்னால் வந்தது. தரை அதிர்வது வயிற்றில் தெரிந்தது. நின்றது. எவ்வளவு நேரமோ. பிறகு குட்டியை உந்திக்கொண்டு தண்ணீரைக் கடந்து போய்விட்டது.

எழுந்து உட்கார்ந்ததும் நான் கேட்டது இது: "என்னையும் கொல்லப் பாத்தியா?"

வேலாண்டி துண்டைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டே சொன்னான். "கொல்லணும்னா நான் எதுக்கு வாரேன்? சும்மா இருந்தா அதுவே பாத்துக்கிடும்."

நான் யானை போன திசையைப் பார்த்தேன்.

"அய்யா இங்க செத்திருந்தா ஊருல என்ன சொல்லுவாவ? ரெண்டாவது ஆளையும் வேலாண்டி முழுங்கிட்டான்னுதான சொல்லுவாவ? மொத ஆளே சாவல."

"என்ன சொன்னாய்?"

"ஒங்க தம்பி சாவலய்யா. மேல ஏலத்தோட்டத்துல இருக்காரு. செருப்ப வச்சிட்டு அவராத்தான் ஏறிப் போயிருக்காரு. எனக்கே அப்பத் தெரியாது. போலீசுல நான் சொன்னது சத்தியம். பத்துப் பதினஞ்சு நாளு கழிச்சு மேல பாத்தேன். அவரு பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிருன்னாரு. அதச் சொல்லத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தேன்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க பேசவிட்டீய?"

"நேற்று ஏன் தெரியாதவன்மாதிரி நின்றாய்?"

"நீங்கதான மொகம் குடுக்கல. நான் வாயத் தொறந்தா வண்டியேறித் திரும்பிப் போயிருவீய. ஒங்கள மேல கூட்டியாரணும்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம மூட்ட எறங்குற நாளு. கண்ணால பாத்துக்கிடுங்க."

நம்பினேனா? இல்லை. தப்பிக்கக் கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். கத்தி இன்னும் என் கையில் விரிந்தபடியே இருந்தது. அவன் முன்னால் நடந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு.

தொப்பிக்காரர் கட்டைப் பார்த்துப் பதறினார். "என்னப்பா இது, ரத்தம்?"

"முள்ளு கிழிச்சிட்டுதுங்க" என்றான் வேலாண்டி.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உச்சிவேளைக்கு ஒரு மொட்டைப் பாறை. எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் செங்குத்து மலை. தொப்பிக்காரர் தூரக்கண்ணாடியை வைத்துத் தேடித் தேடி, திடீரென்று மூச்சை இழுத்தார். "இருக்கு! இருக்கு! ஏழு!" என்று கிசுகிசுத்தார். கண்ணில் தண்ணீர். வரையாட்டைப் பார்த்து அழுகிற மனுஷரை இவ்வளவு நேரம் என்னென்னவோ நினைத்தேன். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் ஆடுகள், கால் வைக்க இடமில்லாத சுவரில் நின்று மேய்கின்றன. குட்டி ஒன்று தாயைத் தாண்டிக் குதித்தது.

"கீழ பாருங்க. ஒத்தப் பனைமாதிரி ஒரு பாற. அதுக்கு வலது பக்கம்" என்றான் வேலாண்டி, என் காதருகே.

கண்ணாடியைக் கீழே திருப்பினேன். கொடிபோல ஒரு பாதை. அதில் ஆட்கள் வரிசையாக, முதுகில் மூட்டை. முதல் ஆள் தெரியாது. இரண்டாமவன் தெரியாது. நாலாவது ஆள் இடது கையை இடுப்பில் ஊன்றி நடந்துகொண்டிருந்தான். எங்கள் அப்பா அப்படித்தான் நடப்பார். நானும் அப்படித்தான் நடப்பதாகச் செண்பகம் சொல்லுவாள்.

கண்ணாடி நனைந்துவிட்டது. துடைத்துக் கொடுத்தேன். "வேர்வை" என்றேன்.

தொப்பிக்காரர் ஆடுகளை விட்டு நகர மாட்டார் என்று தெரிந்தது. மச்சினனை அவருக்குத் துணை வைத்துவிட்டு வேலாண்டி என்னை ஓடை வளைவுக்கு இறக்கினான். மேலிருந்து வருகிறவர்கள் மூட்டையை அங்கே வைத்துவிட்டுத் திரும்புவார்களாம். கீழிருந்து வேறு ஆட்கள் வந்து எடுப்பார்களாம்.

குமாரு மூட்டையை இறக்கி நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். ஓடவில்லை. தாடி. கண் மஞ்சள், குளிர்காய்ச்சல் கண்டவன். காதில் சிவப்புக்கல் கடுக்கன், அப்படியே.

அவன் கேட்ட முதல் கேள்வி: "பத்திரம் கெடச்சுதா அண்ணாச்சி?"

இதை எழுதமாட்டேன் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். புரட்டாசியில் எசமான் ஆபீசில் ஒரு கட்சிக்காரருடைய மூலப் பத்திரம் காணவில்லை. குமாரு எனக்குக் கீழே நகல் எழுதிக்கொண்டிருந்தான். வழக்கில் எதிர்க்கட்சிக்கு அவன்தான் கொடுத்துவிட்டான் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, வீட்டில், பா. பார்த்திருக்க, அவன் பெட்டியைத் தெருவில் கொட்டிச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. இல்லாததனாலேயே சந்தேகம் கூடிற்று. எசமான் அவனை வரவேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் மலை பார்த்துவருகிறேன் என்று போனான்.

"கிடைத்தது" என்றேன்.

"எங்க?"

"என் அலமாரியில். வேறொரு கட்டோடு சேர்த்து நானே கட்டி வைத்திருந்தேன்."

"எப்ப?"

"கருமாதி முடிந்து ஒரு வாரத்தில்."

"யாருகிட்டயாச்சும் சொன்னீயளா?"

"இல்லை. பரணுக்குப் பின்னால் கிடந்தது என்றேன்."

குமாரு சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான் கோபப்பட்டேன். எனக்குக் கோபப்பட என்ன யோக்கியதை, ஆனாலும் பட்டேன். "என்மேல் கோபமென்றால் என்னோடு. அந்தப் பெண் என்ன செய்தாள்? வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறாள். ஒருவேளைச் சோறு தின்கிறாள்."

அவன் முகம் வெளுத்தது. "தாலிய எறக்கிட்டீயளா?"

"பின்னே?"

"ஒடம்பு கெடைக்காம வருஷக்கணக்கா காத்திருக்கவங்க இருக்காவ. யாரு அவசரப்படுத்துனது?"

நான்தான். ஊர் வாயை மூட நான்தான் அவசரப்படுத்தினேன். சொன்னேன்.

ஓடைத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். "ஆள் அனுப்புனேன். வெரட்டிட்டாவன்னு வேலாண்டி சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல். அப்பிடியே செத்தவனாவே இருந்துருவோம்னு தோணிச்சு. அது தப்புதான், அண்ணாச்சி. அவள நெனச்சிருக்கணும்."

"வீட்டுக்கு வா."

"நான் வரமாட்டேன். அவ வாரேன்னா வரட்டும். அடுத்த வெள்ளி இதே எடத்துல நிப்பேன். வரலன்னா வரல. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம சொல்லுங்க."

மேலே இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், "ஏ, வாரும்! மத்தவுக போயாச்சு!" தலையில் காலிக் கூடை. குமாரு போய்விட்டான். யார் அந்தப் பெண்? தோட்டத்து ஆள்தான். வேறு யாராக இருக்கும்? இதையும் சந்தேகப்பட்டால் நான் மனுஷனே இல்லை. வழி பூராவும் சந்தேகப்பட்டுக்கொண்டே இறங்கினேன்.

அடிவாரத்தில் வேலாண்டியிடம், "கைக்கு மருந்து போட்டுக்கொள்" என்றேன். அதைவிட வேறு வார்த்தை வரவில்லை.

"ஆறிரும்யா" என்றான்.


மாசி 13, ஞாயிறு. வீடு

மேகம். தூறவில்லை.

தொப்பிக்காரரைச் சாத்தூர் வண்டியில் ஏற்றியாயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாழ்நாளில் மறக்கமாட்டேன் சிதம்பரம்" என்றார். நானும் மறக்கமாட்டேன் என்றேன்.

செண்பகத்திடம் முதலில் சொன்னேன். வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அவளக் கூப்பிடுதேன்" என்றாள்.

பா. வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பத்திரம், யானை, கத்தி, கண்ணாடி, ஓடை, எல்லாம். கூட்டாமல் குறைக்காமல். முடித்ததும் கதவில் யாரோ சாய்ந்ததுபோல ஒரு சத்தம். மயங்கிவிட்டாளோ என்று செண்பகம் எழுந்தாள்.

பா. கதவைத் தாண்டி வெளியே வந்தாள். என் முன்னால் நின்றாள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"யாரும் சொன்னதா? நீங்க பாத்ததா?"

"பார்த்தேன். பேசினேன்."

"என்னப் பத்திக் கேட்டாவளா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். "நான் சொன்ன பிறகுதான் கேட்டான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "கருமாதி அன்னைக்கு அந்த ஆளு கத்துனது எனக்குக் கேட்டுச்சு அத்தான். 'அம்மாகிட்ட சொல்லணும்'னு. என்ன சொல்ல வந்தாருன்னு நாலு மாசமா நெனச்சு நெனச்சு மண்ட வெடிச்சுப்போச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு ஒங்க நோட்ட எடுத்துப் பாத்தேன். அவியதான் எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தாவ."

நோட்டு. அதில் ஐப்பசியிலிருந்து என்னென்ன எழுதியிருக்கிறேன்! அவள் ஏன் அழவில்லை என்று. அவளுக்கு இதில் சம்பந்தம் உண்டோ என்றுகூட.

"என்னப் பத்தி எழுதியிருக்கதையும் படிச்சேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் என்றானே என்று, கூடைக்காரியையும் சொன்னேன்.

"அத நான் போயிப் பாத்துக்கிடுதேன்" என்றாள் பா. "நீங்க இனிமே எனக்காகச் சந்தேகப்பட வேண்டாம்."


மாசி 14, திங்கள்

காலையில் தெருவே நின்றுவிட்டது.

பா. செண்பகத்தின் சிவப்புக் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, குடத்தை எடுத்துக்கொண்டு பொதுக்கிணற்றுக்குப் போனாள். செண்பகம் தடுக்கவில்லை, கூடவே போனாள். நான் ஜன்னலோரம். கிணற்றடிப் பேச்சு அங்கே கேட்கும்.

கிணற்றடியில் ஒரு கிழவி: "ஏட்டி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?"

பா.: "எம் புருசன் உசுரோட இருக்காவ. நேத்துத்தான் தெரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"அத்தான் பாத்துட்டு வந்திருக்காவ. போயிக் கேளுங்க."

கேட்டார்கள். காலையிலிருந்து எத்தனை பேர். எல்லாருக்கும் அதே பதில்: பார்த்தேன், பேசினேன், இருக்கிறான். சிலர் நம்பினார்கள். சிலர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் பிறரைப் பார்ப்பது.

பகலில் எசமானிடம் பத்திரம் என் அலமாரியில் இருந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்வே. பரணுக்குப் பின்னால கெடந்த பத்திரத்துல தூசியே இல்லையே."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீரு வேலைய விட்டுருவீரு. பொறவு எனக்கு எழுத ஆளு?"

வேலை போகவில்லை. போயிருந்தால் தேவலை என்றிருக்கிறது.

வேலாண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பா.வையும் செண்பகத்தையும் கூட்டிப்போக வேண்டும் என்று. நானும் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றாள் பா.

வத்திராயிருப்புக்கும் ஆள் போயிருக்கிறது. அவள் அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று நாலு காகிதம் கிழித்தேன்.


மாசி 18, வெள்ளி

தெளிவான நாள். மலை கிட்டத்தில் தெரிந்தது.

நேற்றுச் சாயங்காலமே வண்டியில் பா.வும் செண்பகமும் இராஜபாளையம் போயாயிற்று. பா.வின் அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. காத்திருக்கவும் அவள் தயாராக இல்லை. வேலாண்டி வண்டியோடு வந்திருந்தான். கையில் கட்டு இல்லை, பொருக்குத் தட்டிய காயம். "வேலாண்டி, அன்றைக்கு வாசலில்..." என்று ஆரம்பித்தேன். "அம்மா ஏறட்டும்யா, நேரமாச்சு" என்றான்.

இன்று ஆபீசில் ஒரு நகல் மூன்று தரம் தப்பு. வீட்டில் நானே உலை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. புகை. இரண்டு தரம் வாசலுக்குப் போனேன், தரிக்கவில்லை.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வண்டி. செண்பகம் மட்டும் இறங்கினாள். சேலை பூராவும் முள்.

"என்னாச்சு?"

"தண்ணி குடுங்க மொதல்ல."

குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள்.

"ஓடைக்கு இந்தப் பக்கமே நான் ஒக்காந்துட்டேன், ஏறமுடியல. அவ கொசுவத்த ஏத்திச் சொருகிக்கிட்டு ஏறுனா. பாதி வழிக்குக் கொழுந்தனாரு எறங்கி வந்திருந்தாவ."

"பேசினார்களா?"

"ஒரு வார்த்த பேசல. அவ தலையில துணி மூட்ட வச்சிருந்தால்ல? அத எறக்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டாவ. பொறவு ரெண்டு பேரும் ஏறிட்டாவ."